ஐந்தாவது இரும்புக் கயிறு

சித்தூர் சபையில் பாடத் தெரியாத ஒரே ஆள் அசரியாதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்வார். உதடு அசையும், சத்தம் வராது. பக்கத்தில் உட்காருகிறவன் நான், அதனால் எனக்குத் தெரியும். அதே ஆளிடம் ஒரு நட்டைக் கொடுத்தால், விரலை விட்டுத் தடவியே மரை தேய்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். இதை முதலில் சொல்லிவிடக் காரணம் உண்டு. இப்போது அவரைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் நாராயணவனம் ரோட்டில் நடந்த விபத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு மனுஷன் பன்னிரண்டு வருஷம் ஒழுங்காகச் செய்த வேலையை விட்டுவிட்டு, ஒரே ஒரு மத்தியானத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவானேன்?

என் பெயர் பிரகாசம். எங்கள் மிஷனின் ஊர்சுற்றும் மருந்து வண்டியில் கம்பவுண்டர். வண்டியில் நாங்கள் மூன்று பேர். மருந்து மிக்சர் கலக்குகிறவன் நான். பிரசவம், காயம், கண்வலி எல்லாவற்றையும் பார்க்கிறவர் நர்ஸ் ஜெபமணி. ஓட்டுகிறவரும் ரிப்பேர் பார்க்கிறவரும் ஜெபமணியின் புருஷன் அசரியா. யுத்தத்தின்போது ராணுவத்தில் பாலம் கட்டும் பிரிவில் இருந்துவிட்டு வந்தவர்.

வண்டி என்று சொன்னேனே தவிர, அது ராணுவம் ஏலத்தில் தள்ளிவிட்ட ஒரு பழைய லாரி. மிஷனுக்கு இருந்ததே அந்த ஒரு லாரிதான். விடுதிக்கு அரிசி அதில்தான் வரும், பள்ளிக்கூடத்துக்குச் செங்கல் அதில்தான் வரும். ஆகவே சித்தூர் ஜில்லா ஆந்திர ராஜ்யத்தோடு சேர்ந்த மறுவருஷம், மருந்து வண்டிக்கென்று ஒரு மரப் பெட்டியைத் தனியாகச் செய்தார்கள். பெட்டி என்றால் சின்ன வீடு. ஒரு கட்டில், மருந்து அலமாரி, இரண்டு ஜன்னல், பின்பக்கம் கதவு. சனிக்கிழமை வந்ததும் பெட்டியை நாலு மரக்கால்கள்மேல் நிறுத்திவிட்டு லாரி அடியிலிருந்து நழுவிப் போய்விடும். திங்கட்கிழமை காலையில் பின்பக்கமாக நகர்ந்து வந்து அடியில் புகுந்துகொள்ளும்.

அந்தப் பெட்டி லாரியைவிட்டு இறங்கிப் போகாமல் பிடித்து வைத்திருந்தவை நாலு மூலையிலும் இருந்த நாலு டர்ன்பக்கிள்கள். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். நடுவில் நீளமான ஒரு இரும்புச் சட்டம், அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு மரைக்கம்பி. ஒன்றில் மரை வலப்பக்கம் ஓடும், மற்றதில் இடப்பக்கம். நடுச்சட்டத்தைச் சுற்றினால் இரண்டு கம்பியும் ஒரே நேரத்தில் உள்ளே வரும். ஒரு கம்பி பெட்டியில் பதித்த வளையத்தில் மாட்டியிருக்கும், மற்றது லாரிச் சட்டத்தில். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த அவ்வளவுக்கு அசரியா ஒரு மாசம் அலைந்தார்.

திருப்பதிக் கடைத்தெருவில் வெங்கடசாமியின் இரும்புக் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வெங்கடசாமி புது டப்பாவைப் பிரித்து, பளபளவென்று உருளை மாதிரி மூடிய டர்ன்பக்கிள் நாலை எடுத்து வைத்தார்.

“சீமைச் சரக்கு அசரியா. மஞ்சி சரக்கு, நல்ல சரக்கு. பெயிண்டே பாரு, கண்ணாடி மாதிரி கீது.”

அசரியா ஒன்றைக் கையில் எடுத்து உருட்டினார். “உள்ள எவ்ளோ மரை புடிச்சிக்கினு கீதுன்னு எப்படிப் பாக்கறது?”

“திருகினா இறுகும். அதுக்கு மேல இன்னாத்தப் பாக்கணும்?”

“கடேசி ரெண்டு மரையில தொங்கிக்கினு இருந்தாகூட இறுகுனா மாதிரிதான் இருக்கும். அந்தப் பெட்டிக்குள்ள என் பொண்டாட்டி உக்காந்துக்கினு போவுறா, வெங்கடசாமி. எனக்குக் கண்ணுல பாக்கணும்.”

கம்பவுண்டரும் அதே பெட்டிக்குள்தான் போகிறான் என்பதை அவர் சேர்த்துக்கொள்ளவில்லை. நானும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. கடைக்குப் பின்னால் பழைய இரும்புக் குவியலில் ஒரு மணி நேரம் புரண்டு, நடுச்சட்டம் திறந்திருக்கும் பழைய மாதிரி நாலைக் கண்டுபிடித்தார். துருப்பிடித்துக் கிடந்தன. மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறப் போட்டுச் சுரண்டினார். கொக்கி முனை தளர்ந்தால் கழன்று குதித்துவிடும் என்று, முனைகளை வளையமாக அடித்துக்கொண்டார். முன்பக்கத்து இரண்டுக்கும் பழைய எஞ்சினில் இருந்த ஸ்பிரிங்குகளை இடையில் கோத்தார். நான் இதையெல்லாம் பார்த்துச் சலித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் இதே கூத்து. முன் இடது மூலையைக் கொஞ்சம் திருகுவார். பிறகு குறுக்கே நடந்து பின் வலது மூலை. பிறகு மற்ற இரண்டு. மறுபடி முதலிலிருந்து. கடைசியில் ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளிப் பார்ப்பார். ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், அசைய வேண்டும். இரண்டு நூல் அசைந்தால் தளர்ச்சி, அசையவே இல்லையென்றால் அதைவிட ஆபத்து.

“கல்லு மாதிரி முறுக்கி உட்டுட்டா வேலை முடிஞ்சிச்சே, அசரியா? எதுக்கு இந்தப் பிரதட்சணம்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“சக்கரம் பள்ளத்துல இறங்கினா லாரிச் சட்டம் முறுக்கிக்கும், கம்பவுண்டரே. பெட்டி முறுக்கிக்காது. நடுவுல கொஞ்சம் இடம் குடுக்கணும். குடுக்கலைன்னா எது பலவீனமோ அது புட்டுக்கும். இரும்பு புட்டுக்காது, மரந்தான் புட்டுக்கும். அதுவும் மழைக்காலத்துல மரம் ஊதிக்கினு தானாவே இழுக்கும். அப்போ அரைச் சுத்து தளத்தணும்.”

ஜெபமணி பெட்டிக்குள்ளிருந்து தலையை நீட்டி, “இவ்ளோ தெரிஞ்ச மனுஷன் ஊட்டுல ஒரு தாழ்ப்பாளைச் சரி பண்ண மாட்டேங்கறாரு, அதைக் கேளுங்க அண்ணே,” என்றார். அசரியா சிரித்துக்கொண்டே அடுத்த மூலைக்குப் போனார்.

எங்கள் சுற்று பள்ளிப்பட்டு, நகரி, புத்தூர், நாராயணவனம், பிச்சாட்டூர், அங்கிருந்து திரும்பித் திருப்பதி, பிறகு சித்தூர். இந்தப் பக்கத்துத் தமிழ்க் குடியானவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வேர்க்கடலை மூட்டையோ கரும்போ ஏற்றிய வண்டி ஊரைவிட்டுக் கிளம்பும்போது, வழியனுப்ப வந்தவன் பாரக்கயிற்றை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் கையை எடுப்பான். கயிறு ஏற்கனவே இறுகியிருக்கும். அது கணக்கில்லை. ‘உன் பாரம் பத்திரமாகப் போய்ச் சேரட்டும், இதில் என் கையும் இருக்கட்டும்’ என்று அர்த்தம். இழுக்காமல் அனுப்பினால் மனஸ்தாபம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எங்கள் லாரியில் கயிறு இல்லை. பார்த்தார்கள். அந்த நாலு திருகுகளுக்கு இரும்புக் கயிறு என்று அவர்களே பேர் வைத்தார்கள். யாரோ ஒருவர் ஒருநாள் கடப்பாரையை உள்ளே கொடுத்து ஒரு சுற்று சுற்றினார். அப்புறம் எல்லா ஊரிலும் அதேதான். கண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்ட கிழவர், கட்டி அறுத்துக்கொண்டவர், பிள்ளை பெற்றவளின் அண்ணன், ஆளுக்கு ஒரு சுற்று. நான் கத்தினேன். நான்தான் கத்துவேன், அது என் சுபாவம். அசரியா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

“அவங்க மருந்துக்கு இன்னா குடுத்தாங்க? ஒண்ணுமில்ல. இதையாவது குடுக்கட்டும். வோணாம்னு சொன்னா மொகம் சுண்டிப் போவும்.”

அதற்கு அவர் கண்டுபிடித்த வழி இது. ஊரைவிட்டு ஒரு பர்லாங் போனதும், யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து லாரி நிற்கும். அசரியா இறங்கி, ஊர்க்காரர்கள் போட்ட சுற்றையெல்லாம் கழற்றி, கட்டைவிரலால் தள்ளிப் பார்த்து, மறுபடி ஏறிக்கொள்வார். நாலு வருஷமாக ஒரு ஊரில்கூட அவர் இதைத் தவறவிட்டதில்லை. எந்த ஊருக்கும் இது தெரியவும் தெரியாது.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் கார்த்திகை. ஊரெல்லாம் எல்லைப் பேச்சு. எந்த ஊர் மதராஸ் பக்கம், எந்த ஊர் ஆந்திரா பக்கம் என்று முடிவாகிவிட்டது, கோடு நடைமுறைக்கு வர நாலைந்து மாசம்தான் பாக்கி. எங்கள் சுற்றில் பள்ளிப்பட்டு மதராஸ் பக்கம் போகிறது. மருந்து வண்டிக்கு இரண்டு ராஜ்யத்துக்கும் சேர்த்து பர்மிட் வாங்க மிஷன் கமிட்டி மனுப் போடப் போகிறது, டிரைவர் பேரில் எந்தக் குற்றமும் இருக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அசரியா பேரில் ஒரு கீறல்கூட இல்லை. தை மாசம் மனு எழுதுவதாக இருந்தது. அந்த பர்மிட்டில் தன் பேர் வர வேண்டும் என்பதுதான் அந்த நாட்களில் அவருக்கு இருந்த ஒரே கவலை. ஜெபமணி எந்த ரோட்டில் போனாலும் ஓட்டுகிற கை தன் கையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வாய்விட்டுச் சொல்ல மாட்டார். ஆனால் வாரத்துக்கு இரண்டு தரம் என்னிடம், “மனு எழுதிட்டாங்களா, உனக்கு எதாவது தெரியுமா?” என்று கேட்பார்.

அந்த வியாழக்கிழமை பிச்சாட்டூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். திருவேங்கடம் என்ற வேர்க்கடலைக் குடியானவரின் மனைவி சந்திரம்மாவுக்கு முந்தின நாளிலிருந்து வலி. ஜெபமணி பார்த்துவிட்டு வெளியே வந்தார். முகம் சரியில்லை.

“இங்க ஆவாது. திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போயே தீரணும். ஏத்துங்க.”

ஏற்றினோம். பெட்டிக்குள் இடமில்லை, துணைக்கு ஒரு பெண் மட்டும்தான் ஏறலாம். திருவேங்கடத்தின் அக்கா ஏறிக்கொண்டார். திருவேங்கடம் வெளியே நின்றுவிட்டார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் லாரியைச் சுற்றி வந்தார். முன் இடது மூலையில் நின்று திருகைத் தொட்டுப் பார்த்தார். மழைக்காகக் காலையில்தான் அசரியா அதை அரைச் சுற்று தளர்த்தியிருந்தார். தளர்ந்திருப்பதைப் பார்த்ததும் அந்த மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும்? ஓடிப்போய்க் கடப்பாரையை எடுத்துவந்து முறுக்கினார். ஒரு சுற்று இல்லை. மூன்று சுற்று. அழுதுகொண்டே முறுக்கினார்.

நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பர்லாங் போனதும் அசரியா நிறுத்திக் கழற்றப் போகிறார், நடுவில் நான் எதற்கு என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் கத்துகிறவன் அன்றைக்குக் கத்தவில்லை.

ஒரு பர்லாங்கில் லாரி வேகம் குறைந்தது. சந்திரம்மா அலறினாள். ஜெபமணி முன்பக்கப் பலகையை ஓங்கித் தட்டினார்.

“இன்னாத்துக்கு நிறுத்தறீங்க? ஓட்டுங்க, ஓட்டுங்க!”

ஒரு கணம் லாரி தயங்கியது. பிறகு வேகமெடுத்தது.

நாராயணவனத்துக்கு இன்னும் இரண்டு மைல் இருக்கும். மழையில் மதகு ஓரம் அரித்துப் போயிருந்தது. முன் சக்கரம் பள்ளத்தில் இறங்கியதும் படீரென்று ஒரு சத்தம். முன் இடது வளையம் ஒரு பிடி மரத்தோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. பெட்டி தூக்கிப் போட்டு வலப்பக்கம் சாய்ந்தது. மருந்து அலமாரி கட்டில்மேல் கவிழ்ந்தது. சந்திரம்மாவின் வயிற்றின்மேல் விழ வேண்டியது. ஜெபமணி குறுக்கே விழுந்து முழங்கையில் தாங்கிக்கொண்டார்.

மற்ற மூன்று திருகும் பிடித்துக்கொண்டன. அதனால்தான் இதை எழுத நான் இருக்கிறேன்.

அசரியா ஓடிவந்து கதவைத் திறந்தார். ஜெபமணியின் கை தொங்குவதைப் பார்த்தார். “அப்புறம் பாக்கலாம், போயி சுடுதண்ணி வையுங்க,” என்றார் ஜெபமணி. சாய்ந்த பெட்டிக்குள், ஒற்றைக் கையோடு, அரை மணி நேரத்தில் அந்தக் குழந்தையை அவர் எடுத்தார். பெண் குழந்தை. உள்ளங்காலில் தட்டியது நான், ஜெபமணி சொன்னபடி. அதற்குள் அசரியா வழியில் போன மாட்டுவண்டிக்காரரிடம் கயிறு வாங்கி அந்த மூலையைக் கட்டினார். கயிறு கொடுத்தவர் கிளம்பும்போது வழக்கம்போல ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போனார்.

திருப்பதியில் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஜெபமணியின் முழங்கையைக் கட்டினார்கள். அது பிறகு முழுதாக நீளவே இல்லை.

கமிட்டி கூடியது. ஐந்து பேர் மேஜைக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். பிடுங்கிக்கொண்டு வந்த வளையம் மேஜைமேல் கிடந்தது. “அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறது. யார் முறுக்கினது?” என்று செயலாளர் கேட்டார். நான் எழுந்தேன். அசரியா என் காலை மிதித்தார். நல்ல மிதி.

“ஊரைத் தாண்டினதும் நிறுத்திப் பாக்கறது என் வேலை, ஐயா. அன்னைக்கு நான் பாக்கல,” என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன். அப்படி உட்கார்ந்ததற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

சாயங்காலம் மூன்று பேரும் அவர் வீட்டில் இருந்தோம். நான் தாண்டிக் குதித்தேன். “அந்தத் திருவேங்கடம் மூணு சுத்து முறுக்கினான்! நான் பாத்தேன்! ஏன் சொல்ல உடல?”

“சொன்னா இன்னா ஆவும்? கமிட்டியிலேருந்து அந்த ஊருக்கு ஆள் போவும். பொண்டாட்டியையும் புள்ளையையும் சாவடிக்கப் பாத்தது நீதான்னு அவங்கிட்ட சொல்லுவாங்க. காலம் பூரா அவன் அதைச் சுமந்துக்கினு திரியணுமா? பொண்டாட்டி பத்திரமா போவணும்னுதானே முறுக்கினான்?”

“உம் பொண்டாட்டி கை?”

ஜெபமணி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். “ஓட்டுங்கன்னு பலகைய தட்டினது நானு. நீங்க பாத்துக்கினு சும்மா இருந்தீங்க. இவரு நிறுத்தாம போனாரு. அவன் ஒருத்தன் தலையில மட்டும் எதுக்கு வைக்கறீங்க அண்ணே?”

குதித்ததை நிறுத்திக் கீழே உட்கார்ந்தேன்.

பர்மிட் மனுவில் அசரியா பேர் போகவில்லை. பலமனேரிலிருந்து சிட்டிபாபு என்று ஒருவரை டிரைவராகப் போட்டார்கள். நல்ல ஆள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுவே எனக்கு எரிச்சல். அசரியாவுக்கு மிஷன் வளாகத்திலேயே ரிப்பேர் வேலை. கை சேர்ந்ததும் ஜெபமணி மறுபடி வண்டியில் ஏறினார். பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவர் போகிற ரோட்டில் அசரியா இல்லை.

கோடு நடைமுறைக்கு வந்த சித்திரையில் ஒரு திங்கட்கிழமை, பெட்டியின் பின்பக்கம், கதவுக்குக் கீழே, எல்லார் கைக்கும் எட்டுகிற உயரத்தில் புதிதாக ஒரு டர்ன்பக்கிள் தொங்குவதைப் பார்த்தேன். நாலையும்விடப் பெரிது. சிவப்புப் பெயிண்ட். ஒரு முனை வளையத்தில், மற்ற முனையும் அதே பலகையில் இன்னொரு வளையத்தில் தளர்வாக. அது எதையும் எதோடும் கட்டவில்லை.

“இன்னா இது, அசரியா?”

“ஊர்க்காரங்களுக்கு,” என்றார். “மத்த நாலுக்கும் தகர மூடி போட்டுட்டேன். இதை எவ்ளோ வோணும்னாலும் முறுக்கட்டும். நிக்காம போவலாம். சனிக்கெழம வந்ததும் நான் கழட்டிடறேன்.”

அன்றிலிருந்து இந்தப் பக்கத்து ஊரிலும் சரி, எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊரிலும் சரி, ஜனங்கள் வரிசையில் நின்று அதைத்தான் முறுக்கினார்கள். திருவேங்கடமும் முறுக்கினார், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. “போன தபா நான் போட்ட சுத்துதான் என் பொண்டாட்டி புள்ள ரெண்டு பேரையும் காப்பாத்துச்சு, நர்சம்மா,” என்று ஜெபமணியிடம் சொன்னார். ஜெபமணி நீளாத அந்தக் கையால் குழந்தையின் கன்னத்தைத் தட்டி, “ஆமாம்ப்பா,” என்றார். நான் மிக்சர் புட்டியைக் குலுக்கிக்கொண்டே இருந்தேன்.

இன்னொரு திங்கட்கிழமையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். வழக்கம்போல அசரியா நாலு மூலையும் சுற்றி வந்தார். குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தார். தகர மூடிகளைப் போட்டார். சிட்டிபாபு எஞ்சினை எழுப்பினார். ஜெபமணி அலமாரியைப் பூட்டிக்கொண்டிருந்தார். நான் பின்கதவின் கண்ணாடி வழியாகச் சும்மா வெளியே பார்த்தேன்.

அசரியா நின்றுகொண்டிருந்தார். லாரி நகரப் போகிற நேரம். சட்டென்று கிட்டே வந்து, யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அந்தச் சிவப்புத் திருகுக்குள் கம்பியைக் கொடுத்தார். அது எதையும் பிடிக்கவில்லை என்று இந்த ஜில்லாவில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

ஒரு சுற்று முறுக்கினார். தயங்கினார். இன்னொரு சுற்றும் முறுக்கிவிட்டுக் கையை எடுத்தார்.